கறுப்புக் கோட்டு – 9: மாமா இல்லாத மாணவருக்கு ஒரு விதி

சட்டம் படிக்கும் பிள்ளையின் வீட்டில் எப்படியும் ஒருநாள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "நமக்குத் தெரிஞ்ச வக்கீல் யாராவது இருக்காங்களா?" வக்கீல் குடும்பத்தில் இதைக் கேட்கவே தேவையில்லை. மாமாவின் அலுவலகம் இருக்கிறது. மாமா இல்லாவிட்டால் மாமாவின் நண்பர் இருக்கிறார். பரம்பரையில் முதல் ஆளாகச் சட்டம் படிக்க வந்தவர்தான் இன்டர்ன்ஷிப்புக்காகத் தெருத் தெருவாக அலைகிறார். கல்லூரியில் இடம் பிடிப்பது பற்றிப் போன வாரம் பேசினோம். இந்த வாரம் இந்த அலைச்சல்.

இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக்கல்வி விதிகளின்படி, மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்தாக வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ந்து நான்கு வாரத்தைத் தாண்டக் கூடாது. விசாரணை நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டிலும் வாதாடும் வழக்கறிஞர்களிடம் ஒருமுறையாவது இருந்திருக்க வேண்டும். இதைச் சடங்காக நினைப்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை. பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டு பயிற்சி பெற்றால்தான் பதிவு என்று பார் கவுன்சில் 1995இல் விதி கொண்டுவந்தது. அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே இன்று ஒருவர் கோட்டு மாட்டுவதற்கு முன் சட்டப்படி கட்டாயமாகப் பெறும் நேரடிப் பயிற்சி என்றால், பெரும்பாலும் இந்தச் சில வாரங்கள்தான்.

சென்னையில் ஒருகாலத்தில் இது இவ்வளவு கடினமாக இருந்ததில்லை. 1891இல் தொடங்கிய சட்டக் கல்லூரி உயர் நீதிமன்ற வளாகத்தை ஒட்டியே இருந்தது. வகுப்பு முடிந்தால் கோர்ட்டு ஹாலில் போய் உட்காரலாம். மாலையில் தம்புச்செட்டித் தெருவிலோ லிங்கிச்செட்டித் தெருவிலோ ஒரு சீனியரின் அலுவலகப் படியேறலாம். 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து, புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டது. 2008இல் வளாகத்தில் நடந்த மோதல், அதன்பின் வந்த விசாரணை ஆணையம் என்று அரசுத் தரப்பில் காரணங்கள் உண்டு. ஆனால் சீனியர் அலுவலகத்தில் உண்மையான வேலை தொடங்குவதே மாலை ஐந்து மணிக்குமேல். கடைசி பஸ்ஸைக் கணக்குப் பார்க்கும் மாணவர் அங்கே எத்தனை நாள் உட்கார முடியும்? இந்த இடமாற்றத்தில் ஏழை மாணவர்தான் அதிகம் இழந்தார் என்பது என் கருத்து.

பெரிய சட்ட நிறுவனங்களின் கதை வேறு. மும்பை, டெல்லி, பெங்களூருவில் கிளை பரப்பிய இந்த நிறுவனங்களில் மெயிலிலோ இணையப் படிவத்திலோ பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழக மாணவர்களுக்கே அங்கு முன்வரிசை. அதிலும் நான்காம், ஐந்தாம் ஆண்டுக்காரர்களுக்கு. காரணம் எளிது: நான்கு வாரம் வேலை வாங்கிப் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் படிப்பு முடியும் முன்பே வேலை உத்தரவாதம் தருகிறார்கள். மாணவர்கள் இதை 'பிபிஓ' என்பார்கள். அரசுச் சட்டக் கல்லூரி மாணவருக்குக் கதவு மூடியே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் அனுப்பும் கடிதம் பெரும்பாலும் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறது. 'தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில்' என்று தொடங்கி 'சட்டத்தின்மீது எனக்குத் தீராத ஆர்வம்' என்று முடியும் கடிதத்தை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். பெயரை மட்டும் மாற்றி, அதையும் ஓரிடத்தில் மாற்ற மறந்து அனுப்புகிறவர்களும் உண்டு!

எப்படி எழுதலாம்? மெயிலின் தலைப்பிலேயே 'இன்டர்ன்ஷிப் விண்ணப்பம், டிசம்பர் 1 முதல் 28 வரை, ஐந்தாண்டுப் படிப்பு, நான்காம் ஆண்டு' என்று போட்டுவிடுங்கள். உள்ளே நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். காசோலை வழக்குகளுக்கான 138ஆம் பிரிவில் மூட் கோர்ட்டில் வாதாடினீர்களா? என்ன கேள்வி, எந்தத் தீர்ப்பை வைத்து வாதாடினீர்கள் என்று மூன்று வரி எழுதி, இரண்டு பக்கக் குறிப்பை இணையுங்கள். எழுத்துப்பிழை கூடவே கூடாது. ஆவணத்தில் ஒரு வார்த்தை தப்பினால் கட்சிக்காரர் கோடிகளை இழக்கும் தொழில் இது. உங்கள் கடிதத்தையும் அந்தக் கண்ணால்தான் படிப்பார்கள்.

தனி வழக்கறிஞரிடம் மெயில் வேலைக்காகாது. மாலையில் நேரில் போங்கள். காலை பத்து மணிக்கு, சீனியர் கேஸ் கட்டோடு இறங்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். முதலில் குமாஸ்தாவிடம் பேசுங்கள். சீனியர் எப்போது நிதானமாக இருப்பார், ஏற்கெனவே எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாம் அவருக்குத்தான் தெரியும். வக்காலத்து எப்படித் தாக்கல் செய்வது, நகல் மனு எங்கே போடுவது என்பதையெல்லாம் பின்னால் உங்களுக்குக் கற்றுத்தரப்போவதும் அநேகமாக அவர்தான். "அண்ணே" என்று கூப்பிடுவதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. உடை வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கறுப்புக் கோட்டு. கழுத்துப் பட்டையும் கவுனும் பதிவு செய்த வழக்கறிஞருக்கு மட்டுமே.

மே மாதம்தான் ஓய்வு என்று எல்லாரும் மேயில் வருகிறார்கள். உயர் நீதிமன்றத்துக்கும் சிவில் நீதிமன்றங்களுக்கும் அப்போதுதான் விடுமுறை. மேயில் வந்தே ஆகவேண்டும் என்றால் குற்றவியல் வழக்கறிஞரைத் தேடுங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடக்கும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விண்ணப்பிக்கலாம். பணத்தை எதிர்பார்க்காதீர்கள். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் உத்தரவிட்டது. மாணவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

இத்தனை அலைச்சலுக்குப் பயந்து, போகாமலே சான்றிதழ் வாங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சீனியர்களும் இருக்கிறார்கள். இருவர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் மாணவர்மீது சற்றுக் குறைவு. ஏனென்றால் அவருக்கு இடம் காட்டுவதற்காகவே அதே 2008 விதிகளில் 26ஆம் விதி இருக்கிறது. குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள, மாணவர்களை விடுமுறையில் சேர்த்துக்கொள்ள விரும்பும் வழக்கறிஞர்களின் பட்டியலை மாநில பார் கவுன்சில் மாவட்டவாரியாகத் திரட்ட வேண்டும். அது கல்லூரிகளிலும் கிடைக்க வேண்டும். உங்கள் மாவட்டப் பட்டியல் எங்கே என்று முதல்வரிடம் எழுத்துமூலமாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். சட்டம் படிப்பவர் போடும் முதல் மனு அதுவாகவே இருக்கட்டும்.

(தொடரும்)