சேம்பிலை நனையாதது ஏன்?

பற்றற்று வாழ்வோருக்குத் தாமரை இலைத் தண்ணீரை உவமை கூறுவது தமிழ் மரபு. வகுப்பில் இவ்வுவமையை விளக்க நேரும்போது, இலையின்மேல் மெழுகு படிந்திருக்கிறது, ஆதலால் நீர் ஒட்டுவதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அவ்விளக்கம் பொய்யன்று, ஆயினும் பாதி விளக்கமே. மெழுகு மட்டுமே காரணமாயின், மெழுகுவத்தியின்மேல் விட்ட நீரும் முத்தாகத் திரண்டு உருண்டோட வேண்டும். அஃது அவ்வாறு ஓடுவதில்லை. குவிந்து நிற்கிறது, சாய்த்தாலும் சற்றே பற்றிக்கொண்டிருக்கிறது.

மீதிப் பாதியைக் காணத் தாமரைக் குளம் தேடி அலைய வேண்டியதில்லை. சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்துச் செம்பனை, தென்னந் தோட்டங்களில் வாய்க்கால் ஓரத்துச் சேம்பே போதும். மலாய்க்காரர் இதனைக் கெலாடி என்பர். அவர்களிடத்தும் ஓர் உவமை உண்டு: எவ்வளவு சொன்னாலும் புத்தி ஏறாதவனுக்குச் செய்யும் உபதேசம், கெலாடி இலையில் ஊற்றிய நீர். ஒரே காட்சியைத் தமிழர் துறவுக்குச் சொன்னார்கள். மலாய்க்காரர் மந்தபுத்திக்குச் சொன்னார்கள். வகுப்பறையில் நிற்பவருக்கு இரண்டாவது உவமையே அடிக்கடி நினைவுக்கு வரும்போலும்!

இனி நீரின் இயல்பைக் காண்போம். நீரின் மூலக்கூறு ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது. ஆக்சிஜன் பக்கத்தில் சிறிது எதிர் மின்தன்மையும், ஹைட்ரஜன் பக்கத்தில் சிறிது நேர் மின்தன்மையும் உண்டு. ஆகையால் அண்டை மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கின்றன. உள்ளே இருக்கும் மூலக்கூற்றை எல்லாப் பக்கத்தாரும் இழுப்பர். மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே இழுப்பார் இல்லை. ஆதலின் நீரின் பரப்பு எப்போதும் சுருங்கவே முயல்கிறது. இதுவே பரப்பு இழுவிசை. துளி உருண்டை வடிவம் கொள்வதும் இதனாலேயே.

துளி கண்ணாடியின்மேல் விழுந்தால், நீர் மூலக்கூறுகள் பற்றிக்கொள்ளத் தக்க ஆக்சிஜன் அணுக்கள் அங்கே உள்ளன, நீர் பரவுகிறது. மெழுகின்மேல் விழுந்தால், அங்கிருப்பவை கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீண்ட சங்கிலிகள். நீர் இறுகப் பற்றுவதற்கு அவற்றில் இடமில்லை. துளி தன்னையே பற்றிக்கொண்டு குவிந்து நிற்கிறது.

இவ்விடத்தில் சொல்லைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கலைச்சொல் நூல்களில் இப்பண்புக்கு ‘நீர்வெறுப்பு’, ‘நீர் விலக்கல்’ என்றெல்லாம் பெயர் காணப்படும். மாணவன் இவற்றைக் கேட்டதும், மெழுகு நீரைத் தள்ளுகிறது என்றே எண்ணுவான். உண்மையில் தள்ளும் விசை எதுவும் அங்கில்லை. மெழுகுக்கும் நீருக்கும் இடையே மெல்லிய ஈர்ப்பே இருக்கிறது. மெழுகுக் கட்டியின் அடிப்புறத்தில் சிறு நீர்த்துளியை வைத்தால் அது கீழே விழாமல் தொங்கும். வெறுப்பு உண்டாயின் தொங்குமா? நீருக்கு மெழுகின்மேல் உள்ள ஈர்ப்பைவிடத் தன்மேல் உள்ள ஈர்ப்பு பன்மடங்கு மிகுதி, செய்தி அவ்வளவே. பேச்சுத் தமிழில் வழங்கும் ‘ஒட்டாமை’ என்ற சொல் இவ்வுண்மைக்கு மிகவும் பொருந்துகிறது. கலைச்சொல் ஆக்கியோர் இதனைக் கைவிட்டு வெறுப்பைத் தேடிப் போனது ஏனோ!

ஒட்டாமையை அளக்கவும் வழியுண்டு. துளியின் விளிம்பு, பரப்பைத் தொடுமிடத்தில் நீருக்குள்ளாக அமையும் கோணமே தொடுகோணம். 1805ல் தாமஸ் யங் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதனை ஆராய்ந்தார். தூய கண்ணாடியில் இக்கோணம் ஏறத்தாழச் சுழி. மெழுகில் 110 பாகையை ஒட்டி வரும். 1938ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் கண்டறிந்த டெஃப்லானிலும் ஏறத்தாழ அவ்வளவே. பரப்பு மழமழப்பாக இருக்குமானால், எப்பொருளாயினும் சுமார் 120 பாகைக்கு மேற்போவதில்லை. தாமரை இலையிலோ இக்கோணம் 160 பாகை வரை செல்கிறது! மெழுகால் மட்டும் இஃது இயலாது.

விடை இலையின் கரடுமுரடில் இருக்கிறது. கைக்கு வழுவழுப்பாகத் தோன்றும் தாமரை இலையை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவான மேடுகள் நெருங்கி நிற்பது தெரியும். அம்மேடுகளின்மேல் அவற்றினும் மிக நுண்ணிய மெழுகுக் குழாய்கள் மயிர்போல் மூடியிருக்கும். துளி இம்முனைகளின்மேல் மட்டுமே அமர்கிறது. இடையிலுள்ள பள்ளங்களில் காற்று நிற்கிறது. துளி தொடுவதில் பெரும்பகுதி இலையன்று, காற்றே. கரட்டுப் பரப்பில் காற்று சிறைப்படும்போது தொடுகோணம் எவ்வாறு உயரும் என்பதைக் காஸி, பாக்ஸ்டர் இருவரும் 1944ல் கணக்கிட்டுக் காட்டினர்.

அக்காற்றைக் கண்ணாலேயே காணலாம். சேம்பிலை ஒன்றை வாளி நீரில் அமிழ்த்திச் சாய்வாகப் பார்த்தால், பச்சை மறைந்து வெள்ளித் தகடுபோல் மின்னும். மின்னுவது, இலைக்கும் நீருக்கும் இடையே நிற்கும் காற்றுப் படலம். வெளியே எடுத்தால் இலை நனைந்திராது. பின்னர் அதே இலையில் ஓரிடத்தை விரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு நீர் விட்டால், அங்கே துளி தங்கிவிடும். நுண்ணிய மெழுகு முனைகள் நசுங்கிப் போயின. செலவில்லாத இச்சோதனையை எந்தப் பள்ளியிலும் செய்து காட்டலாம்.

தாமரை சேற்றிலும் மாசின்றி இருப்பதற்கும் இதுவே காரணம். நுண்ணோக்கியில் வைப்பதற்கு முன் வழவழப்பான இலைகளைக் கழுவ வேண்டியிருந்தது. கரட்டு இலைகளோ கழுவாமலே தூய்மையாய் இருந்தன. ஜெர்மானியத் தாவரவியலார் வில்ஹெல்ம் பார்த்லாட் இதனைக் கவனித்தார். உருளும் துளி தூசியை ஒட்டிக்கொண்டு போகிறது என்று அவரும் நைன்ஹூயிசும் 1997ல் விளக்கி எழுதினர். 1999ல் அம்முறையில் அமைந்த சுவர்ச்சாயமும் விற்பனைக்கு வந்தது.

இலைக்கு நன்மையான இக்குணம் மருந்து அடிப்பவருக்குத் தொல்லை. செக்கிஞ்சான் வயல்களின் நெல்லிலையும் நீர் ஒட்டாதது. வெறும் நீரில் கரைத்த மருந்து இலையில் நில்லாமல் உருண்டு மண்ணிலும் வாய்க்காலிலும் சேரும். காசும் வீண், வாய்க்கால் மீனுக்கும் கேடு. ஆகவே சவர்க்காரம் போன்ற ஒட்டுப்பொருளைக் கலப்பர். சவர்க்கார மூலக்கூற்றின் ஒரு முனை நீரோடும் மறுமுனை மெழுகோடும் சேரும்; நீரின் பரப்பு இழுவிசை குறைந்து மருந்து பரவும்.

ஒட்டாத பொருளை நீரே சுமந்து திரியும் விந்தையும் தோட்டத்தாருக்குப் புதிதன்று. பால்மரத்துப் பாலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதியான ரப்பரும் மெழுகைப்போலக் கார்பன், ஹைட்ரஜன் சங்கிலியே. அது நீரில் பிரியாமல் மிதப்பது எவ்வாறு? ஒவ்வொரு ரப்பர்த் துகளையும் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய உறை போர்த்தியிருக்கிறது. அவ்வுறையின் எதிர் மின்தன்மையால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. விலக்கல் என்ற சொல் மெய்யாகவே பொருந்துவது இங்கேதான். பெரும்பகுதி நீராதலால், மழையில் நனைந்த பட்டையில் பால் வெட்டுவாயை விட்டு வழிந்து பரவிவிடும். பட்டை ஈரமான நாளில் பால்வெட்டு இல்லாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாலில் பார்மிக் அமிலம் விட்டால் உறையின் மின்தன்மை அடங்குகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பால் தயிர்போல் உறைந்து, நீர் தனியே வடிகிறது. நீரைப் பிரிந்த ரப்பரைத்தான் 1823ல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மாக்கின்டாஷ் நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நெய்யில் கரைத்து, இரு துணிகளுக்கு நடுவே பூசி, மழைக்கு நனையாத அங்கி செய்தார்.