சுமந்தவளிடம் யார் கேட்டது?

கார்த்திகை தீபத் திருவிழாவில் தேரோடும் நாளன்று திருவண்ணாமலை மாட வீதிகளில் இன்னொரு ஊர்வலமும் நடக்கும். கரும்பில் புடவைத் தொட்டில் கட்டி, அதில் கைக்குழந்தையைப் படுக்கவைத்து, புருஷன் முன்னாலும் பெண்டாட்டி பின்னாலுமாகத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றி வருவார்கள். அண்ணாமலையாரிடம் பிள்ளைவரம் கேட்டோம், கொடுத்துவிட்டார் என்று ஊரறியச் செலுத்தும் நேர்த்திக்கடன் அது. சில குடும்பங்களில் சீமந்தத்துக்குக் கட்டிய புடவையே தொட்டிலாகும்.

சீமந்தம் வேறொருத்தியின் வயிற்றுக்கு நடக்கவேண்டியதாக இருந்தால்? வாடகைத் தாய் மூலம் பிள்ளை பெற்றவர்களும் இன்று இந்த வீதியில் தாராளமாகத் தொட்டில் தூக்கலாம். அவர்களை யாரும் தடுக்கப்போவதில்லை; தடுக்கவும் கூடாது. பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாதவர்கள், கட்டிக்காகவோ புற்றுநோய்க்காகவோ அதை எடுத்துவிட்டவர்கள், கரு தங்கித் தங்கிக் கலைந்தவர்கள் இவர்களெல்லாம். அடுத்தவர் வளைகாப்பில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்ட பெண்கள். அவர்கள் பட்ட பாட்டை நம் பத்திரிகைகளும் தொடர்களும் நிறையவே சொல்லிவிட்டன. நீதிமன்றமும் புரிந்துகொண்டது. வாடகைத் தாய் மூலம் குழந்தை பெற்ற பெண்ணுக்கும் விடுப்பு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013-லேயே தீர்ப்பளித்தது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 2024 ஜூனில் விதியே திருத்தப்பட்டது: குழந்தையைப் பெற்றுக்கொள்ளும் தாய்க்கு 180 நாள், தந்தைக்கு 15 நாள். சுமப்பவளும் அரசு ஊழியரானால் அவளுக்கும் 180 நாள்.

களை பறிக்கப் போகிறவள் சுமந்தால் அவளுக்கு எத்தனை நாள்? நம் கவலை அவளைப் பற்றியது.

வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. பணத்துக்காகச் சுமக்கவைப்பது குற்றம்; பத்து வருடம் வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். மருத்துவச் செலவும், 36 மாதக் காப்பீடும், விதிகளில் சொன்ன சில செலவுகளும் தவிர ஒரு பைசா கைமாறக் கூடாது. சுமப்பவள் மணமானவளாக, சொந்தப் பிள்ளை உள்ளவளாக, 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆயுளில் ஒரு முறைதான் சுமக்கலாம். அதற்குள் மூன்று முயற்சி வரை செய்து பார்க்கலாம். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் பத்து மாதம் இன்னொருவர் பிள்ளையை இலவசமாகச் சுமக்க யார் முன்வருவாள்? முன்பின் தெரியாதவள் வருவாளா? சுற்றிச் சுற்றி விஷயம் சொந்தத்துக்குள்தான் வந்து நிற்கும். தங்கை, நாத்தனார், ஓரகத்தி. அதிலும் யார்? வசதி குறைந்தவள், வாய் பேசாதவள், புருஷனின் அண்ணன் தயவில் பிழைப்பு நடத்துகிறவள்.

அந்த வீட்டுக் கூடத்தைக் கற்பனை செய்வது கஷ்டமில்லை. "உனக்கு ரெண்டு இருக்கு, அவளுக்கு ஒண்ணுகூட இல்லியேடி. நம்ம வீட்டு வாரிசை வெளியாளு கையிலயா குடுக்கறது?" என்பார் மாமியார். மூத்தவள் தலைகுனிந்து அழுதுகொண்டிருப்பாள். புருஷன் தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பான். இளைய மருமகள் எந்த வாயால் முடியாது என்பாள்? சொன்னால் ஆயுசுக்கும் அந்த வீட்டில் அவள்தான் கல்நெஞ்சக்காரி. முடியும் என்று சொன்னால் அது சம்மதம் என்று பதிவாகும்.

சட்டம் இதை அறியாததல்ல. அனுமதிக்கப்படாத காரணத்துக்காக ஒரு பெண் சுமந்ததாக வழக்கு வந்தால், கணவனோ உறவினரோ பிள்ளை கேட்ட தம்பதியோ அவளைக் கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். விதிமீறலில் வற்புறுத்தல் இருந்திருக்கும் என்று சந்தேகிக்கும் சட்டம், எல்லாப் படிவமும் ஒழுங்காக இருந்தால் மட்டும் வற்புறுத்தலே இல்லை என்று எப்படி நம்புகிறது?

அவள் உடம்பில் நடப்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். கருவை வைப்பதற்கு முன்பே கர்ப்பப்பையைத் தயார்படுத்த ஹார்மோன் மாத்திரைகள். பிறகு புரோஜெஸ்ட்ரோன், பல இடங்களில் இது எண்ணெய் கலந்த ஊசி. வாரக்கணக்கில் தினமும் இடுப்புக்குக் கீழே குத்துவார்கள். குத்திய இடம் கட்டிப்போய், உட்கார்ந்தால் வலிக்கும். கரு தங்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து. தங்கினால் வாந்தி, வீக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் எந்தக் கர்ப்பத்துக்கும் உள்ளதுபோல் இவளுக்கும் உண்டு. சிசேரியன் என்றால் தழும்பு அவளுக்கு. குழந்தையைக் கொடுத்த மூன்றாம் நாள் மார்பு பாலுக்குக் கட்டிக்கொள்ளும். அந்தப் பாலுக்கு ஒப்பந்தம் தெரியாது. அதை வற்றவைக்க மாத்திரை தருவார்கள். குழந்தை அதே வீட்டு அடுத்த அறையில் அழும், இவள் சித்தி.

2022 அக்டோபரில் ஒரு திரைத் தம்பதிக்கு வாடகைத் தாய் மூலம் இரட்டைக் குழந்தைகள் பிறந்த செய்தி வந்தபோது தமிழ்நாடே நீதிபதி ஆனது. கல்யாணம் எந்த வருடம் பதிவானது, விதி மீறப்பட்டதா என்று டீக்கடை வரை விவாதம். அரசு குழு அமைத்து விசாரித்தது; தம்பதி விதி மீறவில்லை என்று முடிந்தது. அத்தனை நாள் பேச்சில், இரண்டு பிள்ளைகளைச் சுமந்து இறக்கியவள் எப்படி இருக்கிறாள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

பணம் புழங்கிய காலத்தில் ஏழைப் பெண்களின் வயிறு சந்தைப் பொருளானது, தடை வந்ததால்தான் அது நின்றது என்பார்கள் தடையை ஆதரிப்பவர்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் சந்தையில் விலை பேசவாவது முடிந்தது. கூடத்தில் அதுவும் முடியாது.

திருவண்ணாமலைக்கு இதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே பிள்ளையாக இருக்க ஒப்புக்கொண்டார் என்பது தலக்கதை. கோயிலில் அந்த ராஜா பேரில் ஒரு கோபுரமே நிற்கிறது. வருடாவருடம் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போய், ஆற்றங்கரையில் ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். ராஜா மறைந்து அறுநூறு வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த உறவின் கடன் நின்றபாடில்லை. ரத்த சம்பந்தம் இல்லாத உறவுக்கே கடமை உண்டு என்று சாமியே நடந்து காட்டும் ஊரில், தன் ரத்தத்தை ஊட்டிச் சுமந்தவளுக்கு 36 மாதக் காப்பீட்டோடு கணக்கு முடிந்தது என்பது பொருந்தவில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. சுமக்கப்போகும் பெண்ணிடம், மாமியாரும் புருஷனும் இல்லாத தனி அறையில், ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்க வேண்டும். கரு வைக்கும் நாள் வரை மனம் மாறலாம் என்று சட்டம் கொடுத்திருக்கும் உரிமையை அவளுக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டும். அவள் மறுத்தால், உடல் தகுதியில்லை என்று மட்டும் குடும்பத்திடம் சொல்லும் பெருந்தன்மை டாக்டர்களுக்கு வேண்டும். வேலைக்குப் போகமுடியாத மாதங்களின் கூலியை 'பணம் வாங்கினாள்' என்ற குற்றமாகப் பார்க்காமல், செலவுக் கணக்கில் தெளிவாகச் சேர்க்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு அவளையும் கிராமச் செவிலியர் வீடு தேடிப்போய்ப் பார்க்க வேண்டும்.

பிள்ளைக்காகக் காத்திருக்கும் தம்பதிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் ஒருத்தி சரி என்று சொன்னால், உடனே சந்தோஷப்படாதீர்கள். முடியாது என்று சொல்லியிருந்தால் அந்த வீட்டில் அவள் நிலைமை என்ன ஆகியிருக்கும் என்று முதலில் யோசியுங்கள். அதற்கு நல்ல பதில் இருந்தால் மட்டும் அவள் சொன்ன சரியை ஏற்றுக்கொள்ளுங்கள்.