தராசு சொல்லாததை நாடா சொல்லும்



"ஐயா, நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன், எனக்கு எப்படிச் சர்க்கரை வியாதி வந்தது?" என்று படுக்கையருகே நிற்கும்போது சிலர் கேட்பதுண்டு. எடை வேறு, கொழுப்பு வேறு என்பது அதற்கான பதிலில் ஒரு பகுதி.

தராசு காட்டும் எடையில் எலும்பு, தசை, நீர், கொழுப்பு யாவும் அடங்கும். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. எண் கிடைக்கும். 65 கிலோ எடையும் 1.60 மீட்டர் உயரமும் உள்ளவருக்கு அது 25.4. இதற்குச் செலவில்லை. ஆனால் கொழுப்பை மட்டும் இது பிரித்துக் காட்டாது.

புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யட்கின் ஆகிய இருவரும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் உடல் அளவையே எடுத்துக்காட்டாக வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்!

கொழுப்பை அளக்க வேறு வழிகளும் உண்டு. இடுக்கி போன்ற கருவியால் தோல் மடிப்பின் தடிமனை அளப்பது மலிவான முறை. அளப்பவருக்குக் கைப்பழக்கம் வேண்டும். சிறு மின்னோட்டத்தை உடலில் செலுத்திக் கணக்கிடும் கருவி எளிது; ஆனால் உடலில் நீர் குறைந்தாலும், கால் வீங்கியிருந்தாலும் கணக்கு பிசகும். நீருக்குள் மூழ்க வைத்து எடை பார்ப்பது நல்ல முறைதான். நோயாளிகளுக்கு அது தகாது. 'டெக்ஸா' என்னும் எக்ஸ்ரே முறை எலும்பு, கொழுப்பு, மற்றத் திசுக்கள் ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும். கருவியின் விலையோ அதிகம்.

அப்படியானால் சாதாரண மக்களுக்கு என்ன வழி? தையற்காரரின் நாடா போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் சுற்றி அளக்கவேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எச்சரிக்கை அளவு. நாடா கொழுப்பின் சதவீதத்தைச் சொல்லாது. ஆனாலும் அதிகத் தீங்கு செய்யும் வயிற்றுக் கொழுப்பைப்பற்றி அது நல்ல குறிப்புத் தரும்.

ஆகவே ஆசியர்களாகிய நாம் பி.எம்.ஐ. 23-ஐத் தொட்டாலே கவனமாயிருப்போம். அதற்குக் கீழே இருந்தாலும் இடுப்பு அளவு மிஞ்சினால் இரத்தத்தில் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்வோம். "ஒல்லியான உடம்பு, ஒன்றும் வராது" என்று இருந்துவிட வேண்டாம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் இன்றே நாடாவை வைத்துப் பாருங்கள்.