ஓசையில் எதிராளி, ஒளியில் காலடி

2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஈவோ போட்டி நடந்தது. சண்டை விளையாட்டுகளுக்கென்று நடக்கும் பெரிய திருவிழா அது. அந்த ஆண்டு ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ பிரிவில் மட்டும் 7,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்வென். ஆட்டக்களத்தில் அவருடைய பெயர் ‘பிளைண்ட் வாரியர் ஸ்வென்’. சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். திரையில் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது. எல்லாம் ஹெட்போன் வழியாகத்தான். அந்த ஹெட்போனை மட்டும் நம்பி, பார்வையுள்ள ஒரு போட்டியாளரை அவர் வீழ்த்தினார்.

இதில் மாயம் ஏதும் இல்லை. சண்டை விளையாட்டில் இரண்டே பேர், இடமும் வலமுமாக ஒரே கோட்டில் நகர்கிறார்கள். இடப்பக்கம் நிற்பவரின் சத்தம் இடக்காதில் கேட்கும், வலப்பக்கத்தார் சத்தம் வலக்காதில். ஒவ்வொரு குத்துக்கும் உதைக்கும் தனி ஓசை, ஒவ்வொரு வீரருக்கும் தனிக் குரல். பார்வையற்ற ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகளாக இதை மனப்பாடம் செய்து, காதாலேயே ஆடி வந்தார்கள். ஆனால் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை மட்டும் காது சொல்லாது. அவர் சத்தமில்லாமல் ஓரடி முன்னே வந்தால் கதை முடிந்தது.

கேப்காம் நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. செட்டிங்ஸில் போய் இயக்கினால், எதிராளி நெருங்குவதும் விலகுவதும் ஒரு தனி ஒலியாகக் கேட்கும். அவர் தலைக்கு மேல் தாவி மறுபக்கம் போனால் அதற்கு ஒரு ஒலி. விழுந்த அடி மேலா, நடுவா, காலுக்கா என்பதற்கு வெவ்வேறு ஒலி. இந்த ஒலிகளை உருவாக்கும்போது, மாற்றுத்திறனாளிகளின் மின்விளையாட்டுக்காக இயங்கும் ஈபாரா என்ற ஜப்பானிய நிறுவனத்தைக் கேப்காம் துணைக்கு அழைத்துக்கொண்டது. ஒலி சரியாக இருக்கிறதா என்று சொல்ல, அதை நம்பி ஆடப்போகிறவரைவிடப் பொருத்தமான ஆள் யார்?

ஒருவர் மட்டும் ஆடும் விளையாட்டில் இத்தகைய வசதிகளைச் செய்வது ஓரளவு சுலபம். 2020-ல் வந்த ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகளைத் தந்தது. அதில் நேரத்தை மெதுவாக்கிக்கொள்ளலாம், குறியைத் தானாக எதிரி மீது பதிய விடலாம். யாருக்கும் நட்டமில்லை, எதிரே இருப்பது கணினிதானே! பலர் ஆடும் விளையாட்டில் அப்படி முடியாது. எதிரே இருப்பவரும் மனிதர். அவருடைய கடிகாரத்தை மெதுவாக்க யாருக்கும் உரிமையில்லை. ஒருவருக்குக் கொடுக்கும் கைத்தடி இன்னொருவரின் முதுகில் விழக்கூடாது. மல்டிபிளேயர் விளையாட்டை வடிவமைப்பவர்களின் தலைவலி முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான்.

அதே ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ இதற்குக் கண்ட ஒரு விடை சுவையானது. அந்தத் தொடரின் சிறப்பு அடிகளைப் போட, விரல்கள் வித்தை காட்ட வேண்டும்: கீழே, முன்னே, பிறகு குத்து, எல்லாம் கண்ணிமைப்பதற்குள். ‘மாடர்ன்’ என்ற புதிய முறையில் ஒரே பொத்தானில் அந்த அடி விழும். ஆனால் அப்படிச் சுருக்கி அடிக்கும் அடியின் வலு 20 சதவீதம் குறையும். சுலபத்துக்கு ஒரு விலை, அதுவும் எல்லோருக்கும் தெரிந்த விலை. விரல் நன்றாக இருப்பவரும் இதைத் தேர்ந்தெடுக்கலாம்; யாரும் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை.

இந்தச் சலுகை எதுவும் இல்லாத காலத்தில் ஆடியவர் அமெரிக்காவின் மைக் பெகம். ‘ப்ரோலிலெக்ஸ்’ என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். பிறவியிலேயே மூட்டுகள் இறுகியிருந்த அவர், சாதாரண கண்ட்ரோலரை முகத்தோடு அணைத்து வாயால் இயக்கி, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ தொடரின் சுன்-லீ என்ற பாத்திரத்தை ஆடுவதில் பேர் வாங்கினார். 2023 மார்ச்சில் காலமானார், புதிய ஆட்டம் வெளிவர மூன்று மாதம் இருக்கையில்.

காது கேளாதவர்களின் கதை பார்வையற்றவர்களின் கதைக்கு நேர்மாறு. ‘ஃபோர்ட்நைட்’ போன்ற துப்பாக்கி விளையாட்டில் பாதி உயிர் காதில் இருக்கிறது. பின்னால் காலடி கேட்டதும் திரும்பாதவர் பிழைப்பதில்லை. ‘ஃபோர்ட்நைட்’ 2018-ல் முதலில் கைப்பேசியிலும், பிறகு மற்றக் கருவிகளிலும் ஓசையைப் படமாக்கிக் காட்டும் வசதியைக் கொண்டுவந்தது. காலடி, வெடிச்சத்தம், புதையல் பெட்டியின் ரீங்காரம் என ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வருகிறதோ, அந்தத் திசையில் திரையின் நடுவைச் சுற்றி ஒரு சின்னமாக மின்னும். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. பப்ஜியின் கைப்பேசி வடிவத்தில் மூலையிலிருக்கும் சிறு வரைபடத்தில் காலடித் தடம் தெரிவதைப் பார்த்துப் பழகியவர்கள்தானே.

வேடிக்கை என்னவென்றால், காது நன்றாகக் கேட்பவர்களும் ஃபோர்ட்நைட்டின் இந்த வசதியை இயக்கிக்கொண்டார்கள். ஓசையைவிடப் படம் திசையைத் துல்லியமாகக் காட்டியது. “இது ஏமாற்று இல்லையா?” என்று முணுமுணுப்பும் எழுந்தது. எல்லோர் செட்டிங்ஸிலும் அதே பொத்தான் இருக்கும்போது அந்த முணுமுணுப்பில் வலு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

பேச்சு இன்னொரு பெரிய சிக்கல். குழுவாக ஆடுவோர் மைக்கில் கத்திக்கொண்டே ஆடுவார்கள். கேட்க முடியாதவரும் பேச முடியாதவரும் என்ன செய்வார்கள்? இந்த ஒரு விஷயத்தில் சட்டமே தலையிட்டது. அமெரிக்காவில் 2010-ல் வந்த தகவல்தொடர்பு அணுகல் சட்டம், விளையாட்டுக்குள் நடக்கும் அரட்டைக்கும் பொருந்தும். விளையாட்டு நிறுவனங்கள் விலக்கு வாங்கி வாங்கி நாளைக் கடத்தின. 2018 டிசம்பர் 31-உடன் அந்த விலக்கு முடிந்தது. அடுத்த மாதங்களில் வந்த ‘ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்’, சக ஆட்டக்காரரின் பேச்சை எழுத்தாக்கவும், தட்டச்சு செய்ததைக் குரலாக்கவும் வழி செய்திருந்தது. ஆனால் அந்த விளையாட்டு பேர் வாங்கியது ‘பிங்’ என்ற உத்தியால். ஓரிடத்தைக் குறிபார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால், “எதிரி இங்கே”, “நல்ல துப்பாக்கி இங்கே” என்று குழுவினருக்குக் குரலிலும் அடையாளத்திலும் போய்ச் சேரும். இதைச் சோதிக்க, வடிவமைப்பாளர்கள் மைக்கை அணைத்துவிட்டு, புனைபெயர்களில் தங்களுக்குள்ளேயே ஆடிப் பார்த்தார்களாம். செவித்திறன் குறைந்தவர்களுக்கென்று மட்டும் செய்ததல்ல அது. அந்நியரோடு மைக்கில் பேசக் கூசுகிறவர்களுக்கும் பிடித்துப்போனது. சில வாரங்களில் ஃபோர்ட்நைட்டும் அதே உத்தியைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது.

நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களின் பாடு இவ்வளவு பேசப்படவில்லை. ‘அமாங் அஸ்’ ஆட்டத்தில் ஒரே நிறக் கம்பிகளை இணைக்கும் வேலை ஒன்று உண்டு. நிறங்கள் ஒன்றுபோலத் தெரிபவருக்கு அது பெரும் சோதனை. தடுமாறுகிறவரைக் கூட்டம் வஞ்சகன் என்று சந்தேகிக்கும் ஆட்டம் வேறு! பின்னர் கம்பிகளின் மீது சிறு சின்னங்களைப் போட்டார்கள். வேலை அவ்வளவுதான்.

கைக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட் 2018 செப்டம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலர்’ பார்ப்பதற்கு இரண்டு பெரிய வட்டப் பொத்தான்கள் பதித்த பலகை. அதன் பின்புறம் 19 துளைகள். காலால் மிதிக்கும் பெடல், தலையால் தட்டும் பொத்தான் என அவரவர் உடம்புக்கு ஏற்றதைச் செருகிக்கொள்ளலாம். பெட்டியைக்கூட, பல்லால் கடித்துப் பிய்க்க வேண்டியிராதபடி, வளையங்களைப் பிடித்து இழுத்தால் திறக்குமாறு செய்தார்கள். அறிமுக விலை 100 டாலர்; செருகும் பொத்தான்களுக்குத் தனிக் காசு.

அதே நிறுவனம் 2023 நவம்பரில் அங்கீகாரமில்லாத துணைக்கருவிகளை எக்ஸ்பாக்ஸில் இயங்கவிடாமல் தடுக்கத் தொடங்கியது. ஆன்லைன் ஆட்டங்களில் குறிதவறாமல் சுட உதவும் மோசடிக் கருவிகள் பெருகியிருந்தன. ஆனால் தடை விழுந்த கருவிகளுக்குள், தங்களுக்குப் பழகிய மாற்றுக் கண்ட்ரோலர்களும் அகப்படும் என்று மாற்றுத்திறனாளிகள் குரல் எழுப்பினார்கள். கம்பி வழியே வரும் சமிக்ஞையைப் பார்த்து, அழுத்துவது மோசடிக்காரரா, விரல் மடங்காதவரா என்று இயந்திரத்தால் பிரித்தறிய முடியாது.

அடுத்த மாதமே சோனி தன் பங்குக்கு ‘ஆக்சஸ்’ கண்ட்ரோலரைக் கொண்டுவந்தது. அது பிளேஸ்டேஷன் 5-க்கு என்று செய்யப்பட்டது. மைக்ரோசாஃப்டின் பலகையோ பிளேஸ்டேஷனை நேரடியாக இயக்காது. எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவரும் பிளேஸ்டேஷன் வைத்திருப்பவரும் ஃபோர்ட்நைட்டில் ஒரே தீவில் குதித்து ஒன்றாக ஆடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற நினைக்கும் மாற்றுத்திறனாளி மட்டும், கண்ட்ரோலர், பழகிய அமைப்பு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.