டி.வி. கண் மூடியது... எங்கள் கண் திறந்தது!

"இந்தப் பெட்டி ஒருநாள் நின்று தொலைந்தால்தான் நிம்மதி!" என்று நான் எத்தனையோ முறை அலுத்துக்கொண்டதுண்டு. போன புரட்டாசியில் அது நிஜமாகவே நின்றது. அன்று எனக்குக் கிடைத்தது நிம்மதி அல்ல, சகோதரிகளே... நடுக்கம்!

அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, முன்னறையில்தான் கட்டில். நாள் முழுக்கப் படுத்தே இருப்பவருக்கு டி.வி.தான் துணை. ஒன்றரை வயதுச் சின்னவனும் பாட்டியை ஒட்டிக்கொண்டு அதே கட்டிலில் தூங்குவான்.

அன்று மாலை ஏழு மணி. "கண்ணு, டி.வி. வர மாட்டேங்குதே! அந்தக் காலத்துப் பொட்டியா இருந்தா தலையில ரெண்டு தட்டு தட்டினா வந்துடும்" என்றார் அத்தை. பழைய பெட்டிகளில் உள்ளே விட்டுப்போன இணைப்பு தட்டினால் சேர்ந்துகொள்ளும். இன்றைய தட்டை டி.வி.யைத் தட்டினால் திரைதான் விரிசல் விடும்!

என்னவரோ ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டார். "பின்பக்கத்தைத் திறந்து பார்த்துடலாம்" என்றார். "வேண்டவே வேண்டாம்!" என்று கையைப் பிடித்தேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். பழைய படக்குழாய் டி.வி. என்றால் இன்னும் ஆபத்து. அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட்!

மெக்கானிக்கிடம் போனில் கேட்டோம். பார்க்காமலேயே, "போர்டு போயிருக்கும், மாத்தணும்" என்றார். மாதக் கடைசி. பகீரென்றது.

சரி, நாமே பொறுமையாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். டி.வி.யின் கீழ் ஓரத்தில் எப்போதும் ஒரு சிவப்புப் பொட்டு எரியுமே, அது இல்லை. அப்படியானால் ரிமோட்டின் மேல் பழி போட்டுப் பயனில்லை, டி.வி.க்கு மின்சாரமே வரவில்லை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் டி.வி. பிளக்கை எடுத்துவிட்டு மேஜை விளக்கைச் செருகினேன். அதுவும் எரியவில்லை! ஆக, டி.வி. பாவம், அதன் மேல் தப்பே இல்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. இரண்டு நாளாக அந்த அறையில் லேசாக மீன் வாடை. பக்கத்து வீட்டில் வறுக்கிறார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் இது புரட்டாசி ஆயிற்றே! எங்கள் வீட்டிலும் கவிச்சி கிடையாது, பக்கத்து வீட்டிலும் கிடையாது. பிறகு ஏது மீன் வாடை? பிளக், சுவிட்ச், ஒயர் இவற்றின் பிளாஸ்டிக் சூட்டில் உருகத் தொடங்கினால் சில சமயம் மீன் வாடைதான் வருமாம்!

"ஏனுங்க, முதல்ல மெயினை அணைங்க!" என்று கத்தினேன். டார்ச் வெளிச்சத்தில் கட்டிலைத் தள்ளிப் பார்த்தால்... தலைமாட்டுச் சுவரில் இருந்த பிளக் பாயிண்ட் பழுப்பேறி, ஓரம் உருகி இருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இலவம்பஞ்சுத் தலையணை. அதில்தான் என் சின்னவன் தலை வைத்துத் தூங்குவான். கை கால் ஓடவில்லை எனக்கு.

குற்றவாளி யார் தெரியுமோ? நான்தான்! அத்தைக்கு அடிக்கடி வெந்நீர் வேண்டுமே என்று, டி.வி. இருந்த அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மின்சாரக் கெட்டிலையும் செருகியிருந்தேன். கெட்டில் 1,500 வாட். நம் வீட்டு 230 வோல்ட்டில் அது இழுப்பது ஆறரை ஆம்பியர். அந்த பிளக் பாயிண்ட்டோ 6 ஆம்பியர்! போதாததற்கு உள்ளே ஒயரும் தளர்ந்திருந்ததாம். தளர்ந்த இடத்தில்தான் சூடு ஏறும்.

மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி கருகிய ஒயரைக் காட்டி, "நல்லவேளைக்கா, இதோட நின்னுச்சு" என்றான். புது பிளக் பாயிண்ட்டும் கூலியும் சேர்த்து 350 ரூபாய். கெட்டில் சமையலறையிலுள்ள 16 ஆம்பியர் பவர் பிளக்குக்குப் போய்விட்டது.

உங்கள் வீட்டு டி.வி. நின்றால் இப்படிப் பாருங்கள். சிவப்பு விளக்கு இல்லையா? அதே பிளக்கில் வேறொரு விளக்கைப் போட்டுச் சோதியுங்கள். சூடோ, கருகலோ, வாடையோ இருந்தால் எதையும் தொடாமல் மெயினை அணையுங்கள். புகை வந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பிளக்கில் மின்சாரம் ஒழுங்காக வந்தும் டி.வி. எழவில்லையா? பிளக்கை எடுத்துவிட்டு, டி.வி.யின் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிஷம் கழித்து மறுபடி செருகுங்கள். பல சமயம் இதிலேயே எழுந்துவிடும்.

சிவப்பு விளக்கு எரிந்தும் படம் வரவில்லையா? செல்போன் கேமராவுக்கு நேரே ரிமோட்டை நீட்டி அழுத்துங்கள். அதன் முனையில் வெளிச்சம் மினுக்கினால் ரிமோட் நலம். இல்லையென்றால் புது பாட்டரி போடுங்கள். சத்தம் வந்து திரை மட்டும் இருட்டா? டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்குதான் போயிருக்கிறது. அதற்கு மேல் மெக்கானிக்கின் வேலை.

அந்த ஒரு ராத்திரி டி.வி. இல்லாமல் அத்தை சின்னவனுக்கு நரிக் கதை சொன்னார். நான் தூங்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்ன சகோதரிகளே, உங்கள் வீட்டுக் கட்டிலுக்குப் பின்னால் என்ன பிளக் இருக்கிறது, அதில் என்னென்ன செருகியிருக்கிறது? இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்!