ஒலிவழிப் பாடத்தின் தமிழாக்கம்: ஸ்போக்கன் டுடோரியல் திட்டம்

1. முன்னுரை

இணையவழிக் கல்விக்கான தொழில்நுட்பத்தைப் பல்கலைக்கழகங்கள் நிருவகிக்கும் முறை பெரும்பாலும் கருவி, இணைப்பு, செலவு ஆகியவற்றைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. பாடத்தின் மொழியும் அந்நிருவாகத்தின் ஒரு கூறே என்பதற்கு மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் தக்க சான்றாகும். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா உருவாக்கிய இத்திட்டம், நடுவணரசு 2009இல் தொடங்கிய தகவல் தொடர்புத் தொழில்நுட்பவழித் தேசியக் கல்வி இயக்கத்தின் நிதியுதவியுடன் வளர்ந்தது. லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், சைலேப் முதலிய கட்டற்ற மென்பொருள்களை இது கற்பிக்கிறது.

2. பாடத்தின் அமைப்பு

ஒவ்வொரு பாடமும் ஏறத்தாழ 10 நிமிடம் நிகழும் திரைப்பதிவாகும். அதன் எழுத்துரை இரு பத்திகளாக அமையும்: ஒன்றில் திரையில் காட்ட வேண்டுவது, மற்றொன்றில் பேச வேண்டுவது. துறை வல்லுநரோடு, மென்பொருளை அறியாத புதியவர் ஒருவரும் எழுத்துரையைச் சரிபார்க்கிறார். இந்திய மொழிகளில் ஆக்கும்போது ஒலி மட்டுமே மாறுகிறது. திரையிலுள்ள ஆங்கிலப் பெயர்கள் மாறுவதில்லை. பணியிடத்தில் மாணவர் ஆங்கிலத் திரையையே எதிர்கொள்ள நேரும் என்பதே காரணம். பாடங்களைப் பதிவிறக்கி, இணைய இணைப்பின்றியும் பயிலலாம்.

3. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

3.1 சொற்கிடக்கை: 'ஃபைல் மெனுவைச் சொடுக்குக' என்னும் தொடரில் வினை இறுதியில் நிற்கிறது. சுட்டி மெனுவை அடைந்த பின்னரே சொடுக்கப்படுவதால், தமிழின் சொல்வரிசை செயலின் வரிசையோடு ஒத்துச் செல்கிறது. ஆயின், 'சாளரத்தின் கீழ் வலமூலையில் எண்ணுக்கு அருகிலுள்ள சிறு குறியைக் காண்க' என்னும் தொடரில், காண வேண்டிய பொருள் அடைகளுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. அதற்குள் திரையில் சுட்டி அக்குறியை அடைந்துவிடும். 'ஒரு சிறு குறி உள்ளது. அது கீழ் வலமூலையில் இருக்கும்' எனப் பிரித்தல் தெளிவு தரும். எனினும் காட்சியின் கால அளவை மீறாதிருத்தல் வேண்டும்.

3.2 கலைச்சொல்: திரையில் 'சேவ்' என்றிருக்க, ஒலியில் 'சேமி' என்று மட்டும் கூறின் கேட்போர் அதனைத் திரையில் தேடிக் காணார். 'கோப்பைச் சேமிக்க, சேவ் பொத்தானைச் சொடுக்குக' என்பதில் கருத்து தமிழிலும் திரைப்பெயர் உள்ளவாறும் அமைந்து, இரண்டும் ஒருங்கே கிட்டுகின்றன.

4. முடிவுரை

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வீட்டில் தமிழ் பேசி, மராத்தி, இந்தி அல்லது ஆங்கில வழியில் பயின்றோர் உளர். தமிழ் எழுத்தறியாதவர்க்கு அச்சுநூல் எட்டாதெனினும் ஒலிப்பாடம் எட்டும். ஆனால், 'விண்டோ', 'கிளிக்' என வழங்கும் அவர்கட்குச் 'சாளரம்', 'சொடுக்கு' ஆகியன ஆங்கிலத்தைவிட அயன்மையாகலாம். எழுத்துரையைச் சரிபார்க்கும் புதியவர், மென்பொருளுக்கு மட்டுமன்றித் தமிழ்க் கலைச்சொல்லுக்கும் புதியவராக இருத்தல் வேண்டும். அத்தகையோரைத் தேர்தல் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பன்று. பாடத்தை நிருவகிக்கும் நிறுவனத்தின் பொறுப்பாகும்.