எலும்புக்கு ஒரு சாரம்

கோழியின் காலெலும்பை வினிகரில் சில நாட்கள் ஊறப்போட்டு எடுத்துப் பாருங்கள், வளையும், ஒடியாது. கால்சியத் தாது கரைந்து, கொலாஜன் என்னும் புரத நார் மட்டும் மிஞ்சியிருக்கும். இன்னொன்றைத் தணலில் நன்றாகச் சுட்டால் நார் எரிந்துபோய், அழுத்தினாலே நொறுங்கும். இரண்டும் கூடியிருக்கும்வரைதான் அது எலும்பு. எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தாது. மீதி நாரும் நீரும்.

விபத்திலோ புற்றுநோயிலோ எலும்பில் ஒரு துண்டே போய்விட்டால்? விரிசலை உடல் தானே கூட்டிக்கொள்ளும், பெரிய இடைவெளியை அதனால் நிரப்ப முடியாது. டைட்டானியம் வைக்கலாம். ஆனால் அதன் விறைப்பு எலும்பைப்போல் 5 மடங்குக்கும் மேல். சுமையை அதுவே வாங்கிக்கொள்வதால், வேலையற்ற எலும்பு மெலிந்துபோகிறது. திசுப் பொறியியலார் தேடுவது வேறு: கொத்தனார் கட்டும் சாரம்போல, புது எலும்பு வளரும்வரை தாங்கி, பிறகு விலகிக்கொள்ளும் பொருள்.

1969இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் ஒரு கண்ணாடி செய்தார். சிலிக்கா, சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் சேர்ந்தது. எலிகளின் தொடையெலும்பில் வைத்தபோது, பிடுங்க முடியாத அளவுக்கு எலும்போடு ஒட்டிக்கொண்டது. அதுவரை, உள்ளே வைத்த பொருளை உடல் பெரும்பாலும் ஒரு நார்த்திசுவால் சுற்றி ஒதுக்கியே வைத்துவந்தது. அதனால் இது பெரிய திருப்பம். ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான், உடையும்.

ஆகவே அதைப் பொடித்து, கரையும் தையல் நூல்களில் பயன்படும் பாலிலாக்டிக் அமிலம் போன்ற பாலிமரில் கலக்கிறார்கள். பாலிமர் உடையாமல் காக்கிறது, கண்ணாடி எலும்பை ஈர்க்கிறது. எனக்குப் பிடித்த நுட்பம் இதற்கு அடுத்தது. பாலிமர் சிதையும்போது லாக்டிக் அமிலம் வெளிவந்து சுற்றியுள்ள திசுவை உறுத்தும். கண்ணாடியிலிருந்து கரையும் அயனிகளுக்குக் காரத்தன்மை உண்டு, அந்தப் புளிப்பை அவை தணித்துவிடும்.

சிக்கல் துளைகளில்தான். ரத்த நுண்குழாயிலிருந்து சுமார் 200 மைக்ரானுக்கு அப்பால் செல்கள் பிழைப்பது கடினம். அதனால் சாரம் முழுக்க ஒன்றோடொன்று இணைந்த துளைகள் வேண்டும். 300 மைக்ரானும் அதற்கு மேலும் இருந்தால் நல்லது. துளை கூடக்கூட வலு குறையும். கரைவதிலும் இதே இழுபறி: சீக்கிரம் கரைந்தால் எலும்பு சரியும், தாமதித்தால் வளர இடமிருக்காது.

மண்டையோட்டுத் துளைகளுக்கும் தாடைக் குழிகளுக்கும் கரையும் சாரங்கள் வந்துவிட்டன. உடலின் எடையைத் தாங்கும் தொடையெலும்பில் பெரிய இடைவெளி விழுந்தால் மட்டும், உலோகத்தின் துணையின்றி அவற்றை நம்பும் நிலை இன்னும் வரவில்லை.